எண் மாறிப்போன பணம்

சரக்குக்கு அனுப்பிய பணம் மண்டிக்காரருக்குப் போய்ச் சேராமல், யாரோ ஒருவர் கணக்கில் வரவாகிவிட்டது என்ற புகார் நம் சங்கத்திற்கு அடிக்கடி வருகிறது. வங்கியில் கேட்டால், நீங்கள் எழுதிக் கொடுத்த எண்ணுக்குத்தான் அனுப்பினோம் என்று படிவத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். பெயர் வேறாக இருக்கிறதே என்றால், பெயரை நாங்கள் பார்ப்பதில்லை என்கிறார்கள்.

அது உண்மைதான். மின்னணு முறையில் வரும் தொகையைக் கணக்கு எண்ணை மட்டும் பார்த்து வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே கூறிவிட்டது. செக்கில் பெயர் எழுதிப் பழகிய நமக்கு இது இன்னும் மனத்தில் பதியவில்லை.

ஆனால் எண் மாறியதாலேயே அந்தப் பணம் பெற்றவருக்குச் சொந்தமாகிவிடாது. தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு. பெற்றவர் யார், எந்த ஊர் என்பது வங்கிக்குத் தெரியும். நம்மிடம் சொல்ல மாட்டார்கள். அப்படியானால் அவரிடம் பேசிச் சம்மதம் வாங்கித் தர வேண்டியவர்கள் அவர்கள்தானே? கைகழுவி விடுவதை நாம் ஏற்பதற்கில்லை.

உறுப்பினர்கள் அன்றைய தினமே எழுத்து மூலம் புகார் கொடுத்துவிட வேண்டும். மானேஜர் தெரிந்தவர் என்று வாய்ச்சொல்லோடு வந்துவிடுவது நம்மவர் வழக்கம். பிறகு ஆதாரம் இருக்காது. யு.டி.ஆர். எண், தேதி, தொகை, தவறான எண், சரியான எண் அனைத்தையும் குறித்து, பில் நகலை இணைத்து, நமது பிரதியில் வங்கி முத்திரை பெற வேண்டும். பணம் போய்ச் சேர்ந்த கிளைக்கும் ஒரு கடிதம் விரைவுத் தபாலில் போகட்டும். நாள் கடந்தால் பெற்றவர் எடுத்துச் செலவழித்துவிடுவார். பிறகு வக்கீல் நோட்டீஸ், கோர்ட் என்று அலைச்சல்தான். 30 நாட்களில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

என்.இ.எஃப்.டி., ஆர்.டி.ஜி.எஸ். மூலம் அனுப்புமுன் கணக்குக்கு உரியவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் இலவசமாகத் தர வேண்டும் என்று உத்தரவாகியுள்ளது. நேரில் படிவம் கொடுப்போருக்கும் இது உண்டு. போனில் சொன்ன எண்ணைக் கடைப்பையன் குறித்து வைத்த சீட்டை நம்பி லட்சங்களை அனுப்பும் நமக்கு இது பெரிய காப்பு. ஆயினும் கேட்டால்தான் காட்டுகிறார்கள். கேட்காமலே பெயரைக் காட்டி, படிவத்தில் நம் கையொப்பம் பெற்ற பின்னரே பணத்தை அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொரு கிளை மேலாளரிடமும் நம் சங்கம் மனுக் கொடுக்க வேண்டும்.