டேவிஸ் கோப்பையும் நமது மனச்சாட்சியும்

விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்னும் சொல் மாணவர் நாவில் அடிக்கடி வழங்குவதொன்று. இவ்விரண்டையும் கலத்தலாகாது, ஆடுகளத்துட் புகுந்தவன் மட்டையையும் பந்தையும் அன்றிப் பிறிதொன்றையும் நினைத்தலாகாது என்பர். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும் இஃது எவ்விடத்துஞ் செல்லுமோ என்பதே எமது ஐயம். அவ்வையத்தை ஆராய்தற்கு 1974-ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பைப் போட்டியினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை. அவ்வாண்டில் இந்தியா இறுதிப் போட்டிவரை முன்னேறி, அப்போட்டியில் ஒரு பந்தையும் அடியாமல், கோப்பையைத் தென்னாப்பிரிக்காவுக்கு விட்டுவிட்டது. அது செய்யத்தக்க செயலே என்பது எமது துணிபு. அதற்குக் கொடுத்த விலையை மறைத்தலாகாது என்பதும் எமது துணிபே.

முதலில் அக்கோப்பையின் இயல்பினை அறிதல் நலம். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் பயின்ற டுவைட் டேவிஸ் என்னும் வாலிபர், 217 அவுன்ஸ் எடையுள்ள வெள்ளிக் கோப்பையொன்றைச் செய்வித்து, நாடுகளுக்கிடையே நிகழும் டென்னிஸ் போட்டிக்கென அளித்தார். 1900-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பாஸ்டன் நகரையடுத்த லாங்வுட் என்னுமிடத்தில் அமெரிக்காவும் பிரிட்டனும் முதன்முதல் மோதின. டேவிஸே அமெரிக்கக் குழுவுக்குத் தலைவராக நின்று ஆடினார். அவரது குழுவே வென்றது. தனியாட்டம் நான்கு, இரட்டையர் ஆட்டம் ஒன்று, ஆக ஐந்தில் மூன்றை வெல்லும் நாடு வென்றதாகும் என்னும் முறை அன்று வகுக்கப்பட்டு நெடுங்காலம் நின்று நிலவியது. அண்மைக் காலத்தில் அம்முறை பலவாறு மாறியுளது. ஆயினும் ஒன்று மாறவில்லை. இங்கு ஆடுவோன் தனக்காக ஆடுவதில்லை. தன் நாட்டுக்காகவே ஆடுகின்றான். வெற்றிப் பட்டியலிற் பொறிக்கப்படுவதும் நாட்டின் பெயரே.

இவ்வேறுபாட்டை நம் மாணவர் மனத்திற்கொள்ள வேண்டுகிறோம். விம்பிள்டனில் ஆடுவோன் ஒருவன் தன் திறமையொன்றையே துணையாகக் கொண்டு நிற்கின்றான். அவன் எந்நாட்டிற் பிறந்தான், அந்நாட்டுச் சட்டம் யாது என்று அங்கு வினவுதல் வேண்டுவதின்று. டேவிஸ் கோப்பையிலோ ஆடுவோனை அனுப்புவது நாடு; இன்னார் ஆடலாம், இன்னார் ஆடலாகாது என்று தெரிந்தெடுப்பதும் நாடு. ஆதலின் ஒரு நாட்டின் சட்டமும் வழக்கமும் அதன் ஆட்டக்காரரோடு கூடவே களத்துட் புகுகின்றன.

இனி, நமது நாடு இக்கோப்பையை நாடிச் சென்ற வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இந்தியா இப்போட்டியிற் கலந்துகொள்ளத் தொடங்கியது 1921-ஆம் ஆண்டில். நெடுநாட் காத்திருந்த பின்னர், 1966-ஆம் ஆண்டிலேயே முதன்முறையாக இறுதிப் போட்டியை எட்டினோம். அதற்குக் காரணராயினவருள் தலைமையானவர், நாகர்கோவிலிற் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் அவர்கள். கல்கத்தாவில் பிரேசில் நாட்டுடன் ஆடியபோது, முடிவைத் தீர்க்கும் ஐந்தாவது ஆட்டத்தில் தாமஸ் காக் என்பாரை எதிர்த்து, இரண்டு செட்டுகளை இழந்து, நான்காம் செட்டில் 2–5 என்று பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு வென்றார். தோற்றோம் என்று பார்த்தோர் துணிந்த வேளையில் அவர் துணியாது நின்றதே அவ்வெற்றி. பின்னர் மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4–1 என்று நம்மை வென்றது. நமக்குக் கிடைத்த அவ்வொரு வெற்றியும் கிருஷ்ணனும் ஜெயதீப் முகர்ஜியும் சேர்ந்தாடிய இரட்டையர் ஆட்டத்தில் வந்ததே.

எட்டாண்டு கழித்து நமது முறை மறுபடியும் வந்தது. சென்னைச் சகோதரரான விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அப்போது குழுவின் தூண்களாக விளங்கினர். 1974-இல் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை 3–2 என்று வென்றோம். பூனாவில் சோவியத் யூனியனை 3–1 என்று வென்று இறுதிப் போட்டிக்கு உரியவரானோம். 1900 முதல் 1973 வரை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா ஆகிய நான்கு தரப்பினரின் கையைவிட்டு இக்கோப்பை வெளியே சென்றதேயில்லை. இம்முறை ஐந்தாவதொரு நாடு பெறுதல் உறுதியாயிற்று. அஃது இந்தியாவாக இருந்திருக்கலாம்.

எதிரே நின்ற நாடு தென்னாப்பிரிக்கா. அந்நாட்டில் 1948-ஆம் ஆண்டு ஆட்சிக்கு வந்த கட்சி, மக்களை நிறத்தால் வகுத்து வைப்பதையே அரசியற் கொள்கையாகக் கொண்டது. பிறந்த குழந்தை எவ்வினம் என்று பதிவு செய்தற்கு ஒரு சட்டம். இன்ன நிறத்தார் இன்ன பகுதியிலேயே வாழ்தல் வேண்டும் என்றற்கு ஒரு சட்டம். பூங்காவும் கடற்கரையும் பேருந்தும் வேறு வேறாதற்கு ஒரு சட்டம். இவற்றின் நிழல் விளையாட்டுக் களத்திலும் வீழ்ந்தது. 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்களுக்கு அந்நாட்டை அழைத்திலர். 1970-இல் டேவிஸ் கோப்பையினின்றும் விலக்கினர். 1973-இல் மீண்டும் சேர்த்துக்கொண்டனர். 1974-இல் அந்நாட்டுக் குழுவாக நின்றோர் வெள்ளையரே.

அந்நாட்டுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. 1860-ஆம் ஆண்டு முதற்கொண்டு சென்னைத் துறைமுகத்தினின்றும் தமிழ் மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேறினர். அவர் வழியினர் இன்றும் அங்கு வாழ்கின்றனர். காந்தியடிகள் சத்தியாக்கிரகத்தை முதன்முதற் கையாண்டதும் அம்மண்ணிலேயே. அப்போராட்டத்தில் சிறை சென்று, நோயுற்று, 1914-ஆம் ஆண்டில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மைக்கு அப்போது வயது பதினாறு. 1946-இல் அந்நாட்டுடன் வாணிகத்தை முதன்முதல் அறுத்துக்கொண்ட நாடும் இந்தியாவே. நிற்க, அங்ஙனம் வாணிகத்தை விட்ட நாடு கோப்பைக்காக மட்டும் கை நீட்டுதல் பொருந்துமோ? பொருந்தாது என்று கண்டே நம் அரசாங்கம் ஆடுதற்கு இசையவில்லை. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது.

இச்செயலை மறுத்துரைப்பார் கூறும் காரணங்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

விளையாட்டில் அரசியலைப் புகுத்தினோம் என்பது முதலாவது. புகுத்தியவர் யாம் அல்லேம் என்பதே இதற்கு விடை. ஒரு குடிமகன் எத்துணைத் திறமையாளனாயினும், தோலின் நிறம் கருதித் தன் நாட்டுக் குழுவின் வாயிலிலேயே தடுக்கப்படுவானாயின், அரசியல் அங்கு முன்னரே புகுந்துவிட்டது. புகுந்திருந்த அரசியலைக் கண்டு கண்ணை மூடிக்கொள்ள மறுத்ததே நாம் செய்தது. கோப்பையை அளித்த டேவிஸ் அவர்களே பிற்காலத்தில் அமெரிக்காவின் போர் அமைச்சராக இருந்தவர். நாடு என்னும் சொல்லைப் போட்டியில் வைத்தபின் அரசியலை முற்றும் விலக்குதல் எங்ஙனம் கூடும்?

அங்குச் சென்று ஆடி வென்று காட்டுதலே தக்க மறுமொழியாகும் என்பது இரண்டாவது. இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. அமெரிக்கக் கறுப்பின வீரர் ஆர்தர் ஆஷ் இவ்வழியையே முதலிற் கைக்கொண்டார். தமக்கு நுழைவு மறுத்த அந்நாட்டுக்குள் 1973-இல் இடம்பெற்றுச் சென்றார். காண்போர் நிறத்தால் பிரிந்து அமர்தலாகாது என்று நிபந்தனை விதித்தார். டாம் ஓக்கருடன் சேர்ந்து இரட்டையர் பட்டத்தையும் வென்றார். அவர் ஆடியதைக் கண்ட கறுப்பினச் சிறுவர் எத்துணை உவகை எய்தியிருப்பர் என்பதை நாம் ஊகிக்கலாம். எனினும் அதே ஆஷ் பின்னாளில் அந்நாட்டை விளையாட்டுலகினின்றும் ஒதுக்குதலே வழி என்று கருதினார். 1985-இல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் நிகழ்ந்த கிளர்ச்சியிற் கைதும் ஆனார். சென்று பார்த்தவரே செல்லாமையின் பொருளை உணர்ந்தனர் எனின், நமது செயல் பிழையாயிற்று என்று எவரே கூறுவர்? மேலும் ஆஷ் சென்றது தனி மனிதராக. நாம் செல்லவேண்டியிருந்ததோ நாடாக.

மூன்றாவது காரணமே எம்மை மிகவும் வருத்துவது. முடிவு செய்தோர் ஒருவர், இழந்தோர் வேறொருவர் என்பதே அது. விஜய் அமிர்தராஜுக்கு அப்போது இருபத்தோராண்டு நிரம்பவில்லை. ஆட்டக்காரனது இளமை அரசாங்கத்தின் ஆயுளைப் போல நீண்டதன்று. மறுபடியும் இந்தியா இறுதிப் போட்டியை எட்டியது 1987-இல். அப்போது விஜய்க்கு வயது முப்பத்து நான்கு. கிருஷ்ணனது மைந்தர் ரமேஷ், சிட்னியில் ஐந்தாம் ஆட்டத்தை வென்று ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்தமையால் வந்த வாய்ப்பு அது. சுவீடன் நாட்டு கோத்தென்பர்க் நகரில் 5–0 என்று தோற்றோம். இன்றளவும் இந்தியா அக்கோப்பையை வென்றதில்லை.

இதற்கு விடையாக நம் கல்லூரியினர் அறிந்த வரலாறொன்றை நினைவூட்டுகிறோம். பெலிஸ்தர் பெத்லகேமிற் பாளையமிறங்கியிருந்த காலத்தில், அரணான இடத்தில் ஒதுங்கியிருந்த தாவீது, தன் ஊர் வாயிலருகேயுள்ள கிணற்று நீர்மேல் வேட்கை கொண்டான். வீரர் மூவர் பகைவர் பாளையத்தின் நடுவே புகுந்து அந்நீரை மொண்டு வந்தனர். அவனோ அதனைப் பருகாது கடவுளுக்கென்று வார்த்துவிட்டான். உயிரைப் பொருட்படுத்தாது சென்றோரின் குருதிக்கு ஒப்பாகும் அதனைத் தான் பருகுதல் தகாதென்பது அவன் எண்ணம். நீரைக் கொணர்ந்தோர் மூவர்; வார்த்தவன் ஒருவன். தம் உழைப்பு மண்ணிற் சிந்தியதே என்று அம்மூவர் நொந்தனரோ என்பதைத் திருமறை கூறவில்லை. ஆயினும் அவன் பருகியிருப்பின் ஒரு நாள் தாகம் தணிந்திருக்கும், அவ்வளவே. வார்த்தமையாலன்றோ அவர்தம் வீரம் இன்றும் பேசப்படுகின்றது!

நமது செயலும் அத்தகையதே. கொணர்ந்தோர் சென்னைச் சகோதரரும் அவர்தம் தோழரும், வார்த்தது நாடு. எனவே மறுத்ததைப் பெருமையாகப் பேசுவோர், மறுத்த அரசாங்கத்தை மட்டும் புகழ்ந்து நின்றுவிடலாகாது. கல்கத்தாவிலும் பூனாவிலும் ஆடி அவ்வுரிமையை ஈட்டித் தந்தவர் பெயரையும் அதனோடு சேர்த்தே சொல்லுதல் கடன். ஈட்டியவர் இல்லையேல் துறத்தற்கும் ஒன்றுமில்லை.

ஒரு கோப்பையைத் துறந்தமையால் அந்நிறவெறி ஆட்சி வீழ்ந்தது என்று யாம் மிகைபடக் கூறோம். அதனை வீழ்த்தியவர் அந்நாட்டு மக்களே. சிறையிலும் தெருவிலும் அவர் பட்ட பாடுகள் மிகப் பெரியன. 1990-இல் மண்டேலா விடுதலையானார். 1992-இல் தென்னாப்பிரிக்கா மீண்டும் டேவிஸ் கோப்பையில் ஆடியது. 1994-இல் எல்லா நிறத்தாரும் வாக்களித்து ஆட்சியை அமைத்தனர். அந்நெடும் போராட்டத்தில் நமது மறுப்பு ஒரு சிறு கல். சிறிதாயினும் அது நம் கையால் வைத்த கல்.

இறுதியாக மாணவர்க்கு ஒரு சொல். பிறனது வீட்டு அநீதியைக் கண்டு விலகி நின்ற நாம், நம் வீட்டை நோக்குதல் வேண்டாமா? தீண்டாமையை 1950-ஆம் ஆண்டின் அரசியற் சட்டம் ஒழித்தது. ஊரிலும் உள்ளத்திலும் அது முற்றும் ஒழிந்ததென்று நெஞ்சிற் கைவைத்துக் கூறவல்லார் நம்முள் எத்தனை பேர்? நிறம் பார்த்துக் குழு அமைத்தோருடன் ஆடமாட்டோம் என்று உலகறியச் சொன்ன நாட்டின் பிள்ளைகள் நாம். அச்சொல் மெய்யாவது அயல்நாட்டுக் களத்திலன்று. இக்கல்லூரியின் ஆடுகளத்தில், விடுதிப் பந்தியில், தோழமை கொள்ளுமிடத்திலேயே. குழுவில் ஒருவனைச் சேர்க்கும்போதும் விலக்கும்போதும் அவன் ஆட்டத்தையன்றி வேறெதனையும் நோக்காதிருப்போமாயின், 1974-இல் வார்க்கப்பட்ட நீர் வீண்போகவில்லை என்று கொள்ளலாம். அங்ஙனமின்றேல், நாம் துறந்தது வெறும் வெள்ளிக் கோப்பையே யாகும்.