இரண்டாவது வீடு யாரைத் தாங்கும்?

கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க வங்கிகளுக்கு அனுமதி தருவதாக 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. இரண்டு நாள் கழித்து, தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்டு நெருக்கக் கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. ஊரடங்கு நேரத்தில் இரண்டுமே தேவைப்பட்டவைதான். ஆனால், கடனில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருந்த குடும்பங்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. தவணை தள்ளிப்போனதே தவிர, வட்டி நிற்கவில்லை. அது அசலோடு ஏறிக்கொண்டது. உத்தரவுக்குள் வராத குடித்தனக்காரர்கள் பலரும் வீட்டிலிருந்தே வேலை என்றதும் மூட்டை கட்டி ஊருக்குக் கிளம்பினார்கள்.

கஷ்டகாலத்தில் வாடகை கைகொடுக்கும் என்பது சென்னை நடுத்தர வர்க்கத்தின் பழைய நம்பிக்கை. அது பொய்யான நம்பிக்கையும் அல்ல. நங்கநல்லூரிலும் குரோம்பேட்டையிலும் சொந்த மனையில் முதலில் தரைத்தளம் எழும்பும். சில வருடம் கழித்துச் சேமிப்பிலோ வருங்கால வைப்புநிதியிலோ மாடி போர்ஷன் வரும். மனைக்கான பணம் எப்போதோ கட்டி முடிந்திருக்கும், கடன் கொஞ்சமாக இருக்கும், குடியிருப்பவர் கண்ணெதிரே இருப்பார். ஆறு மாதம் வாடகை வராவிட்டாலும் வீட்டுக்காரர் வீதிக்கு வந்துவிட மாட்டார்.

இன்றைய தலைமுறை வாங்குவது அந்த மாடி போர்ஷன் அல்ல, தவணையில் ஒரு ஃபிளாட். ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 60 லட்ச ரூபாய்க்குப் பழைய ஃபிளாட் ஒன்றை மறுவிற்பனையில் ஒரு குடும்பம் வாங்குகிறது. முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 5.40 லட்சம் பத்திரத்துக்கே போய்விடும். மாத வாடகை 18,000 என்று வைத்துக்கொள்வோம். ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடப்பது, சொத்து வரி, வெள்ளையடிப்பு, குழாய் ரிப்பேர் எல்லாம் போக வருடத்துக்கு 1.80 லட்சம் மிஞ்சலாம். போட்ட 65.40 லட்சத்துக்கு இது 3 சதவீதம்கூட இல்லை. அதில் 45 லட்சம் 8.5% வட்டியில் 20 வருடக் கடன் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 39,000. வாடகை போக மீதி 21,000 ரூபாயை மாதாமாதம் யாருடைய சம்பளம் கட்டப்போகிறது?

கணக்கின் மையமே இந்தக் கேள்விதான். பழைய மகாபலிபுரம் சாலையை எடுத்துக்கொள்வோம். தரமணியில் 2000இல் டைடல் பார்க் திறந்த பிறகு, சிறுசேரி வரை அந்தச் சாலை நெடுக அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் சேர்ந்தே வளர்ந்தன. கணவனும் மனைவியும் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கிறார்கள், முதலீடாக அதே சாலையில் ஃபிளாட் வாங்குகிறார்கள், அதில் குடியேறுபவரும் மென்பொருள் ஊழியர்தான். நல்ல காலத்தில் மூன்றும் ஒன்றாக ஏறும். அந்தத் துறைக்குச் சளி பிடித்தால் சம்பளம், வாடகை, ஃபிளாட்டின் விலை மூன்றும் சேர்ந்து தும்மும். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தை, அதாவது 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக 2025 ஜூலையில் மென்பொருள் நிறுவனமான டிசிஎஸ் அறிவித்தது. வேலை போனால் வாடகை காப்பாற்றும் என்று நம்பும் குடும்பம், வாடகை தருபவரின் வேலை எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

அட்வான்ஸ் விஷயமும் அப்படித்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்குவது நெடுநாள் பழக்கம். வாங்கிய கையோடு அந்தப் பணம் கடனை அடைக்கவோ அலமாரி போடவோ போய்விடும். குடித்தனக்காரர் காலி செய்யும்போதுதான் அது கடன் என்பது உறைக்கும். அடுத்த ஆள் உடனே வந்தால் அவருடைய அட்வான்ஸை வாங்கி இவருக்குக் கொடுத்துவிடலாம். 2020இல் அடுத்த ஆள் வரவில்லை. வாடகை நின்ற அதே மாதத்தில் லட்சக்கணக்கில் திருப்பித் தர வேண்டியிருந்தது.

வட்டியும் நம் கையில் இல்லை. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம், 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்தது, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. ஒரு வருடத்துக்குள் இரண்டரை சதவீதம்! மேலே சொன்ன 45 லட்சம் கடனுக்கு வட்டி 6.75இலிருந்து 9.25 ஆனால், தவணை 34,200இலிருந்து 41,200க்குத் தாவும். அந்த 7,000 ரூபாயைக் குடியிருப்பவரின் தலையில் ஏற்ற முடியாது. 2025இல் ரெப்போ மறுபடி இறங்கியது என்பது ஆறுதல்தான், ஆனால் 20 வருடக் கடனில் இப்படி எத்தனை ஏற்ற இறக்கமோ.

வரிச் சலுகை இருக்கிறதே என்பார்கள். பழைய வரி முறையில், வாடகை வீட்டின் வட்டியால் வரும் நஷ்டத்தில் வருடத்துக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் அந்த வழி இல்லை. வாடகை வருமானம் வரைக்கும்தான் வட்டி கழியும், அதற்கு மேல் உள்ள நஷ்டத்தைச் சம்பளத்தில் காட்ட முடியாது. புதிய முறைக்கு மாறிவிட்ட பலர், பழைய சலுகையை மனதில் வைத்தே இன்னும் வீடு பார்க்கிறார்கள்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? விலை ஏறும் என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. வட்டியை எடுத்துக்கொண்டே வந்தால் வங்கி வைப்பில் போட்ட அசல் வளராது, மனை வளரலாம். தவணையில் பெரும்பகுதியை வாடகையே கட்டும் அளவுக்குக் கடன் சிறியதாக இருந்தால், ஆறு மாதத் தவணையும் அட்வான்ஸ் தொகையும் தனியாக வங்கியில் இருந்தால், வாங்கலாம். மருத்துவமனை, கல்லூரி, ரயில் நிலையம், அரசு அலுவலகம் எனப் பலவகை வேலை பார்ப்பவர்கள் குடிவரும் தாம்பரம் போன்ற இடங்கள் ஒற்றைத் துறையை நம்பி நிற்பதில்லை. வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ தரைத்தளம் வாங்குபவர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிடுவது நல்லது.

இதில் அதிகம் பேசப்படாதது குடும்பத்துக்குள் இருக்கும் பணம். வீடு வாங்கக் கையிலிருந்து போடும் பணத்தில் ஒரு பகுதி பல குடும்பங்களில் அப்பாவின் ஓய்வூதியப் பலன். கடன் மகன் பேரில், பத்திரமும் மகன் பேரில். மகளுக்கு இதில் என்ன? வாடகை யார் கணக்குக்குப் போகும்? அப்பாவுக்குத் திடீரென்று ஆபரேஷன் என்றால் சுவரில் ஒரு பகுதியை மட்டும் விற்க முடியுமா? மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போட்டால் 8.2% வட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் அவர் கணக்குக்கு வரும். அதைவிட்டு அவர் பணத்தை ஃபிளாட்டில் போடுவதென்றால், யார் எவ்வளவு தந்தார்கள், வாடகையில் யாருக்கு எவ்வளவு, விற்றால் எப்படிப் பிரிப்பது என்பதை அண்ணன் தங்கை எல்லோரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டு, போட்ட பணத்துக்கு ஏற்ற பங்குடன் பத்திரத்திலும் பெயர் சேர்க்க வேண்டும். அதற்குக் குடும்பம் தயாராக இல்லையென்றால் அவருடைய பணம் அந்தச் சேமிப்புத் திட்டத்துக்கே போகட்டும்.