தர்கா வாக்குப்பெட்டி அல்ல, தோழரே

தர்காக்கள் எல்லாம் வாக்கு வங்கிகள், ஒரகடம் போன்ற தொழில் வட்டாரத்துக்கு அவை எதற்கு என்கிறீர்கள், தோழரே. என்னால் ஏற்க முடியவில்லை.

நாகூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் தர்காவின் 131 அடி பெரிய மனாரா என்னும் கோபுரத்தைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அப்போது ஏது தேர்தல்? மக்கள் ஏற்கெனவே கூடியிருந்த இடம் என்பதால்தான் அரசதிகாரமே அதைத் தேடி வந்தது. இன்றும் அங்கே கந்தூரி விழாவுக்குத் தமிழக அரசு சந்தனக் கட்டை தருகிறது, கட்சிக்காரர்களும் வருகிறார்கள். ஆனால் நேர்ந்துகொண்டு மொட்டை போட வரும் இந்துக் குடும்பங்களை எந்த வங்கிக் கணக்கில் எழுதுவீர்கள்?

அந்த தர்காவின் நிர்வாகச் சண்டைகள் நீதிமன்றம் வரை போனது உண்மை. அதைக் கண்டியுங்கள், நானும் உடன் நிற்கிறேன்.

ஒரகடத்தில் பீகார், ஒடிசா ஒப்பந்தத் தொழிலாளிக்கு உறவும் இல்லை, பெரும்பாலும் ஓட்டும் இல்லை. ஆலை வாசலில் அடையாள அட்டை கேட்கிறார்கள்; கோவளம் தமீம் அன்சாரி தர்காவில் அவரை யார், எந்த மதம் என்று கேட்பதில்லை. நம் தொழிற்சங்க அலுவலகம் அவருக்கு அப்படித் திறந்திருக்கிறதா? அடுத்த கூட்டத்தில் முதலில் அதைப் பேசுவோம்.