மடியில உட்கார்ந்தா டிக்கெட் இல்லை!

விடுமுறைக்கு மூட்டை கட்டியாச்சா? புளியோதரை, ஊறுகாய், மாத்திரை டப்பா, செல்போன் சார்ஜர்... எல்லாம் எடுத்தாச்சு. வீட்டைப் பூட்டி, பூட்டை மூன்று முறை இழுத்தும் பார்த்தாச்சு. சபாஷ்! அந்தப் பூட்டுக்குக் காட்டிய அக்கறையில் பாதியையாவது, போகிற இடத்தில் உங்கள் பிள்ளைகளை ஏற்றப்போகும் படகுக்குக் காட்டுவீர்களா? மாட்டீர்கள். நானும் காட்டியதில்லை. அந்த உரிமையில்தான் திட்டுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு ஓர் ஏரிக்குப் போனேன். எந்த ஊர் என்பது முக்கியமில்லை, பல ஊர்களில் இதே கதைதான். ஆளுக்கு நூறு ரூபாய் என்றார் படகுக்காரர். பி.காம். படித்தவனாச்சே, விடுவேனா? பேரம் பேசினேன். ‘‘சரி சார், பாப்பாவை மடியில வெச்சுக்குங்க. மடியில உட்கார்ந்தா டிக்கெட் இல்லை’’ என்றார். நூறு ரூபாய் மிச்சம்!

ஏறி உட்கார்ந்ததும் மகள் கேட்டாள். ‘‘அப்பா, அந்த ஆரஞ்சு கலர் சட்டை நமக்கு இல்லையா?’’ மூலையில் ஈர நாற்றத்தோடு லைஃப் ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. ‘‘அதெல்லாம் ஆபீஸர் வந்தா போடறது பாப்பா’’ என்று சிரித்தார் படகுக்காரர். நானும் சிரித்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. பத்திரமாகத் திரும்பினோம். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. அப்படித் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் ‘ஒண்ணும் ஆகாது’ என்ற நம் நம்பிக்கை இன்னும் கெட்டிப்படுகிறது.

ஆனால், ஆகியிருக்கிறதே! 2009 செப்டம்பர் 30, தேக்கடி. கேரள அரசின் சுற்றுலாக் கழகத்துக்குச் சொந்தமான ‘ஜலகன்யகா’ படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர். 2023 மே 7, கேரளத்தின் தானூரில் மறுபடி 22 பேர். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, இருட்டுகிற நேரத்தில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். 2024 ஜனவரி 18, குஜராத்தின் வதோதராவில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்கள், 2 ஆசிரியர்கள். அந்தப் படகில் இருந்த பலருக்கு லைஃப் ஜாக்கெட் கொடுக்கவே இல்லை.

ஒவ்வொரு முறையும் அதே சடங்குதான். இரங்கல், நஷ்டஈடு, விசாரணைக் கமிஷன், சில வாரம் கெடுபிடி. அப்புறம் ‘எல்லாம் விதி’ என்று நாமே ஃபைலை மூடிவிடுகிறோம்.

விதியா? கணக்குப் படித்தவன் சொல்கிறேன், கேளுங்கள். மடியில் இருந்த என் மகள் டிக்கெட் கணக்கில் வரவில்லை. இருபது பேர் போகலாம் என்று எழுதியிருக்கும் படகில் இருபது டிக்கெட்தான் கிழிக்கிறார்கள். உள்ளே இருப்பதோ இருபத்தேழு பேர். ரெஜிஸ்டர் சுத்தமாக இருக்கும். ஆனால், படகு ரெஜிஸ்டரைப் பார்த்து மிதப்பதில்லை. ஏறிய எடை முழுவதையும் அதுதான் சுமக்க வேண்டும். கணக்கில் வராத அந்தச் சரக்கை ஏற்றியது விதி இல்லை. நூறு ரூபாய் மிச்சம் பிடித்த நான்!

அரசாங்கத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. 1917-ம் வருடத்துச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2021-ல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் கொண்டுவந்தார்கள். நல்லது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படகுத்துறையில் நின்று தலை எண்ணுவது யார்? இன்று தேக்கடியில் ஜாக்கெட் போடாமல் படகில் உட்கார விடுவதில்லை. 45 உயிர் கொடுத்து வாங்கிய ஒழுங்கு அது. மற்ற ஊர்களும் அதே விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?

‘எனக்கு நீச்சல் தெரியும்’ என்கிறீர்களா? இது நீச்சல்குளம் இல்லை சார். புடவையும் பேன்ட்டுமாக, பயந்துபோன பத்துப் பேர் உங்கள் காலைப் பிடித்துத் தொங்கும்போது நீந்திப் பாருங்கள்.

அதனால், ஏறுமுன் எத்தனை பேருக்கு அனுமதி என்று கேளுங்கள். மடிக் குழந்தைகளையும் சேர்த்து நீங்களே எண்ணுங்கள். ஜாக்கெட்டை மாட்டி எல்லா பெல்ட்டையும் இறுக்கிய பிறகு, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது தண்ணீரில் கழன்றுவிடும். குழந்தைக்குக் குழந்தை சைஸ்தான் வேண்டும். மூடிய அறைக்குள் உட்காராதீர்கள். படகு கவிழ்ந்தால் ஜாக்கெட்டே உங்களை வெளியேற விடாமல் உள்ளேயே மேல்நோக்கி அழுத்திவிடும், திறந்த பக்கமாக உட்காருங்கள். யானை தெரிகிறது என்று எல்லோரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள். இருட்டிய பிறகு ஏறவே ஏறாதீர்கள்.

இதில் ஒன்று குறைந்தாலும் இறங்கிவிடுங்கள். ‘பயந்தாங்கொள்ளி’ என்று மச்சான் கிண்டல் பண்ணுவார். பண்ணிவிட்டுப் போகட்டும். கட்டிய காசு போனால் போகட்டும்.

என் மகள் அன்று கேட்டது படகிலேயே புத்திசாலித்தனமான கேள்வி. அதற்கு நான் சிரித்தேன். உங்கள் பிள்ளை கேட்டால் சிரிக்காதீர்கள். கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.