விளம்பர வரியும் விலைச் சீட்டும்

விற்பனை வரி தமிழருக்குப் புதிதன்று. 1939-இல் ராஜாஜி சர்க்கார் சென்னை மாகாணத்தில் அதனைக் கொணர்ந்த காலந்தொட்டு, வணிகரிடம் வாங்கும் வரி இறுதியில் யார் தலையில் இறங்குகிறது என்ற வினா நம்முடன் இருந்து வருகிறது. இன்று அமெரிக்காவில் அவ்வினா, கைக்குப் பிடிபடாத ஒரு சரக்கைப் பற்றி எழுந்துள்ளது. இணைய விளம்பரமே அச்சரக்கு.

முதலில் துணிந்தது மேரிலாந்து மாநிலம். 2020-இல் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவைக் கவர்னர் லாரி ஹோகன் மறுத்தார். 2021 பிப்ரவரியில் அம்மறுப்பை மீறி அது சட்டமாயிற்று. சரியாகச் சொன்னால் இது விற்பனை வரியன்று. விளம்பர இடத்தை விற்கும் பெரிய கம்பெனிகளின் வருவாய் மீதான வரி. உலகெங்கும் ஈட்டும் ஆண்டு வருவாய் 10 கோடி டாலரைத் தாண்டினால் 2.5 சதவீதம், 1,500 கோடி டாலருக்கு மேற்பட்டால் 10 சதவீதம். பணம் பள்ளிக்கூடங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. நோக்கத்தில் குறையில்லை.

ஆயின் சட்டத்தில் ஒரு விசித்திரமான விதி இருந்தது. வாடிக்கையாளரின் பில்லில் இவ்வரியைத் தனிக் கட்டணமாகக் காட்டி வசூலிக்கலாகாது! விலையைப் பேசாமல் உயர்த்திக்கொள்ளத் தடையில்லை. உயர்த்திய காரணத்தைச் சீட்டில் தனியே எழுதத்தான் தடை. சிறு வியாபாரியைக் காப்பதற்கே இவ்விதி என்றனர். எமக்கென்னவோ, அது காத்தது வியாபாரியையன்று, வரி விதித்தவரையே என்று தோன்றுகிறது. தையற்கடைக்காரர் கூடுதல் விலையும் கொடுத்து, அது ஏன் கூடிற்று என்பதையும் அறியாமல் இருக்க வேண்டுமோ? வர்த்தக சபையினர் தொடுத்த வழக்கில், 2025 ஆகஸ்டில் மத்திய அப்பீல் கோர்ட்டு இவ்விதி பேச்சுரிமைக்கு விரோதமானது எனத் தீர்ப்பளித்தது. வரியை அத்தீர்ப்பு ரத்துச் செய்யவில்லை.

வாஷிங்டன் மாநிலம் நேர்வழியில் சென்றது. 2025 அக்டோபர் 1 முதல் விளம்பரச் சேவைகளுக்கும் சாதாரண விற்பனை வரியை நீட்டி, வாங்குபவரே செலுத்துமாறு செய்தது. பத்திரிகை, ரேடியோ, டெலிவிஷன் விளம்பரங்களுக்கு விலக்கு அளித்தது. இப்பாரபட்சத்தை எதிர்த்து அங்கும் வழக்கு எழுந்தது.

நம் நாட்டில் 2016 முதல் மத்திய சர்க்கார், அந்நியக் கம்பெனிகளுக்குச் செல்லும் இணைய விளம்பரப் பணத்தின் மீது 6 சதவீதம் வாங்கி வந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு தொகைகளுக்கு அது இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் அவ்வரி நீக்கப்பட்டது. 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு, அது நீங்கவில்லை. அப்பளமும் வடகமும் செய்து இணையத்தில் விளம்பரம் கொடுத்து விற்கும் நம் குடும்பத்துப் பெண்மணிகள், பில்லில் அத்தொகையைப் பார்த்து வைத்துக்கொள்வது நலம். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் அதனைத் தாம் செலுத்த வேண்டிய வரியில் விதிப்படி கழித்துக்கொள்ளலாம். பதிவு பெறாதவருக்கு அது முழுதும் செலவுதான்.