கேஸ் கம்மி ஸார்!

சில வாக்கியங்களுக்கு எதிர்வாதமே கிடையாது. டாக்டர் "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்" என்பார். ஆட்டோக்காரர் "ரிட்டர்ன் சவாரி கிடைக்காதுங்க" என்பார். ஏ.ஸி. மெக்கானிக் "கேஸ் கம்மி ஸார்" என்பார். மூன்றுக்கும் பதில் ஒன்றுதான்: பர்ஸ்.

சூரமங்கலத்தில் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் என் வீடு. மொட்டை மாடியில் ஏறினால் சேர்வராயன் மலை தெரியும். அந்த நேரத்தில் ஏற்காட்டில் யாரோ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இங்கே கீழே, சித்திரையில் சுவரைத் தொட்டால் தோசைக்கல். 2021-ல் அப்பாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, "சூடு ஆகாது, பாத்துக்குங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். தவணையில் ஒன்றரை டன் ஏ.ஸி. வாங்கி அப்பா அறையில் மாட்டினேன்.

2022 ஏப்ரலில் குளிர் குறைந்தது. ஓர் இளைஞர் வந்து மீட்டரைச் செருகி முள்ளைக் காட்டினார். முள் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பது அவருக்குத் தெரியும். "கேஸ் கம்மி ஸார். 2,500 ஆகும்." சிலிண்டர் உஸ்ஸ் என்றது. இருபது நிமிஷத்தில் அறை ஜில். காபி கொடுத்து அனுப்பினேன். 2023-ல் மறுபடி உஸ்ஸ். 2024-ல் அதே உஸ்ஸுக்கு 2,800.

"வருஷா வருஷம் தீரத்தான் ஸார் செய்யும். பைக்குக்கு ஆயில் மாத்தறதில்லையா?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. நான் பி.காம். எந்தச் செலவுக்கும் ஒரு தலைப்புப் போட்டு எழுதிவிட்டால் எனக்கு மனசு ஆறிவிடும்.

அந்த 2,800 போட்டு ஐந்து வாரம்கூட ஆகவில்லை. நடுராத்திரி அப்பா ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஏ.ஸி. ஓடிக்கொண்டிருந்தது, வந்தது வெறும் காற்று. அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்று மணி வரை விசிறிக்கொண்டிருந்தேன்.

"டேய், அந்த கேஸ் உள்ளே என்னதான்டா பண்ணுது?" என்றார். மூன்று வருஷத்தில் நான் கேட்காத கேள்வி.

விசாரித்தேன். ஏ.ஸி. குளிரைத் தயாரிப்பதில்லை. அறையின் சூட்டை மொண்டுபோய் வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். திரவமாக உள்ளே வருகிற கேஸ், ஆவியாகும்போது சூட்டை வாங்கிக்கொள்கிறது. வெளியே கம்ப்ரஸர் அதை அழுத்த, மறுபடி திரவமாகும்போது சூட்டை விட்டுவிட்டுத் திரும்புகிறது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. எரிவதில்லை, செலவாவதில்லை.

அப்பா ராசிபுரம் பக்கம் சின்ன வயசில் கவலை ஓட்டியவர். உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப சூடுதான் தண்ணி. கேஸு சால். தண்ணி இறைக்கிறதுல சால் எப்படிடா தீந்துபோகும்? ஓட்டைன்னு சொல்லு."

காஸ்ட் அக்கவுண்டிங்கில் நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் என்று பக்கம் பக்கமாக எழுதி பாஸ் பண்ணியவன் நான். ஓட்டை டிரம்மை நார்மல் லாஸில் எழுதி வைத்திருந்திருக்கிறேன்.

அடுத்து வந்தவர் வயசானவர், டி.வி.எஸ். 50 ஆசாமி. மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. முதலில் பில்டரைக் கழற்றினார். செம்மறி ஆட்டைத் தோலுரித்த மாதிரி வந்தது. "இது அடைச்சாலே முள்ளு இறங்கும் தம்பி. குழாயில ஐஸ்கூடக் கட்டும். கேஸ் கம்மி மாதிரியே நடிக்கும்." கழுவி மாட்டியும் குளிர் போதவில்லை. வெளி யூனிட்டை டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு பித்தளை நட்டைத் தடவி, விரலைக் காட்டினார். எண்ணெய்ப் பிசுக்கு. கம்ப்ரஸர் எண்ணெய் கேஸோடு சேர்ந்து சுற்றுமாம். கசிகிற இடத்தில் கறை விடுமாம்.

"ஷேவிங் பிரஷ் இருக்குங்களா?"

அப்பாவுடையதைக் கொடுத்தேன். ஏ.ஸி.யை நிறுத்திவிட்டு சோப்பு நுரையை நட்டு மேல் பூசினார். ஒரு குமிழி. அடுத்தது. அடுத்தது. மூன்று வருஷத்து 7,800 ரூபாய் குட்டிக் குட்டியாக ஊதிக்கொண்டிருந்தது.

இப்போது என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். குழாய் முனையை வெட்டிப் புதுசாக விரித்து மாட்டணும், அரை நாள் ஆகும், கேஸோடு 4,500 என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்த வருஷத்துக்குக் கேஸ் மட்டும் போட்டுடுங்களேன்!" அவர் பையை மூட ஆரம்பித்துவிட்டார். அந்த இளைஞரையும் முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது. 2022-லேயே அவர் "லீக் பாக்கணும், அரை நாள்" என்றிருந்தால் துரத்தியிருப்பேன். உஸ்ஸ் என்ற சத்தத்துக்குக் காசு கொடுக்க நமக்கு மனசு வருகிறது. தேடுகிறவனுக்குக் கொடுக்க வருவதில்லை.

அப்பா முறைத்தார். சரி என்றேன்.

மிச்சக் கேஸை ஒரு சிலிண்டருக்குள் இழுத்துக்கொண்டார். நட்டைச் சரிபண்ணி, நைட்ரஜனை அடைத்து மறுபடி நுரை பூசினார். குமிழி இல்லை. வாக்குவம் பம்ப்பை முக்கால் மணி ஓடவிட்டார். உள்ளே காற்றும் ஈரமும் தங்கக் கூடாதாம். பிறகு சிலிண்டரைத் தராசில் வைத்தார். தராசு! வெளி யூனிட் ஸ்டிக்கரில் 'ஆர்-32, 830 கிராம்' என்று முதல் நாளிலிருந்தே எழுதியிருக்கிறது. அதைப் படித்து, கிராம் கணக்கில் ஏற்றினார். கூடினாலும் கெடுதல்தான்: குளிர் குறையும், கம்ப்ரஸர் திணறும், கரண்ட் பில் ஏறும்.

மாடி வீட்டுக்காரர் சிகரெட்டோடு வேடிக்கை பார்க்க வந்தார். "அணைச்சிடுங்க ஸார்." ஆர்-32 லேசாகத் தீப்பற்றக் கூடியது. பழைய ஆர்-22 பற்றாது. ஆனால் ஓசோனைத் தின்றது. அதனால்தான் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி அதை ஓரங்கட்டி வருகிறார்கள். ஆர்-32 ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல 675 மடங்கு. அரை கிலோ கசிந்தால் சுமார் 145 லிட்டர் பெட்ரோல் எரித்த கணக்கு. என் பைக் அத்தனை குடிக்க ஒரு வருஷமாகும். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டத்தில் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவது ஒரு குறிக்கோள். ஆக, வருகிறவரிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. எனக்குக் கேட்கக் கூச்சம். பையில் தராசு இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதோடு சரி.

அன்றைக்கு ராத்திரி அப்பா குறட்டை விட்டார். வெளியே ஜங்ஷன் ரயில் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அதற்கப்புறம் ஒரு கிராம் கேஸ் போடவில்லை.

போன வாரம் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார். "கேஸ் கம்மியாம் ஸார், 3,000 கேக்கறான்." ஷேவிங் பிரஷ்ஷைக் கொடுத்தனுப்பினேன். நாலு நாளாகிறது, திரும்பி வரவில்லை. அப்பாவுக்குத் தாடி முளைத்துவிட்டது.