ஸ்ட்ரேக் ஒட்டுறதுக்கு முன்னாடி எடையைக் கேளுங்க

ப்ராஜெக்ட் டைட்டில் தேடுற சீசன் வந்தாச்சு. உங்க டீம்லயும் யாராவது ஒருத்தர் யூடியூப்ல வெளிநாட்டுப் பாண்டூன் படகு வீடியோ பார்த்துட்டு, "மச்சி, லிஃப்டிங் ஸ்ட்ரேக் போட்டு ஸ்பீடு ஏத்துறோம்னு டைட்டில் வச்சிடலாம்டா"ன்னு சொல்லியிருக்கலாம். போன வருஷம் மினி ப்ராஜெக்டுக்கு எங்க டீம்ல அதைச் சொன்னது நான்தான். அதனால இந்தக் கட்டுரையை எழுத எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கு.

முதல்ல விஷயத்தைச் சொல்லிடுறேன். பாண்டூன் படகுன்னா ரெண்டு நீளமான அலுமினியக் குழாய், ரெண்டு முனையும் அடைச்சது, அதுக்கு மேல ஒரு தட்டையான தளம். அவ்வளவுதான். மாசி மாசம் ஸ்ரீரங்கம் தெப்பத் திருவிழாவையோ, பங்குனியில மலைக்கோட்டை தெப்பக்குளத்தையோ பார்த்தவங்களுக்கு இந்த ஐடியா புதுசு இல்லை. காலி டிரம்களைச் சேர்த்துக் கட்டி மேல தளம் போட்டு தெப்பம் மிதக்க வைக்கிறது பல ஊர்ல நடக்கிறதுதான். ஆனா தெப்பத்துக்கு வேகம் வேண்டாம், கயிறு கட்டி இழுத்தா போதும்.

வேகம் வேணும்னு வரும்போதுதான் பிரச்சினை. வட்டக் குழாய்க்குத் தட்டையான அடிப்பாகம் கிடையாது. தண்ணி அந்த வளைவோடவே ஒட்டிக்கிட்டு மேல ஏறும், படகைத் தூக்கி விடாது. அதனால குழாயோட பக்கவாட்டுல, நீர்மட்டத்துக்குக் கீழே, நீளவாக்குல முக்கோண வடிவத்துல ஒரு அலுமினியப் பட்டையை வெல்டு பண்ணுவாங்க. அதோட தட்டையான அடிப்பக்கம் தண்ணியைக் கீழே தள்ளும், பதிலுக்குத் தண்ணி படகை மேலே தூக்கும். நனையிற பரப்பு குறையும், வேகம் கூடும். இதுதான் லிஃப்டிங் ஸ்ட்ரேக். ஐடியா சரியானது. வேலையும் செய்யும்.

ரிவ்யூவுல எங்க கைடு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உங்க படகு எந்த வேகத்துல போகுது?" நாங்க நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

அந்தக் கேள்விக்குள்ளதான் எல்லாமே இருக்கு. ஃபுரூட் எண் ஞாபகம் இருக்கா? வேகத்தை, புவியீர்ப்பு முடுக்கத்தையும் படகு நீளத்தையும் பெருக்கி வர்ற எண்ணோட வர்க்கமூலத்தால வகுக்கணும். 6 மீட்டர் படகை எடுத்துக்கிட்டா, ஃபுரூட் எண் 1-ஐத் தொட மணிக்குக் கிட்டத்தட்ட 28 கிமீ வேகம் வேணும். தண்ணி மேல சறுக்கி ஓடுறது ஏறக்குறைய அங்கதான் ஒழுங்கா நடக்கும். நம்ம பக்கத்து உல்லாசப் படகு மணிக்கு 8 கிமீ போகுதுன்னு வச்சுக்குங்க, எண் 0.29. அங்க ஸ்ட்ரேக் தூக்காது. நனையிற பரப்பைக் கூட்டி, உராய்வைத்தான் அதிகமாக்கும்.

நம்பாம நாங்களே செஞ்சு பார்த்தோம். 4 இன்ச் பிவிசி பைப் ரெண்டு, 1 மீட்டர் நீளம், மேல ஒரு பிளைவுட். ஆறில் ஒரு பங்கு மாடல். ஃபுரூட் விதிப்படி மாடலை வினாடிக்கு 0.9 மீட்டர் வேகத்துல இழுக்கணும், அதாவது மெதுவா நடக்கிற வேகம். நீச்சல் குளத்து ஓரத்துல ஒரு கப்பியை மாட்டி, மீன் நிறுக்கிற தொங்கு தராசைக் கயித்துல கட்டி இழுத்தோம். தராசு ஆடுன ஆட்டத்துக்குத் துல்லியமான எண் சொல்ல மாட்டேன். ஆனா அலுமினிய எல் ஆங்கிளை ஸ்ட்ரேக்கா ஒட்டின பிறகு இழுவிசை ஒரு தடவைகூடக் குறையல.

"சரி, பெரிய மோட்டார் போட்டுக்கலாமே"ன்னு கேப்பீங்க. கணக்கு போடுங்க. ஆளோட சேர்த்து 1,675 கிலோ படகு, மணிக்கு 30 கிமீ, எதிர்ப்பு எடையில் ஐந்தில் ஒரு பங்கு, புரொப்பல்லர் திறன் 50 சதவீதம்னு தோராயமா வச்சா, 70 எச்.பி.க்கு மேல மோட்டார் வேணும். குடும்பத்தோட தண்ணியை வேடிக்கை பார்க்க வந்தவங்களுக்கு எதுக்கு அந்த வேகம்?

என்னோட உண்மையான கவலை வேகம் இல்லை, எடை. அதே 6 மீட்டர் படகு, குழாய் விட்டம் 60 செ.மீ. ஒரு குழாய் முழுசா முங்கினா சுமார் 1,700 கிலோ தாங்கும். படகோட சொந்த எடை மோட்டாரோட 700 கிலோ, ஆளுக்கு 65 கிலோன்னு வச்சுக்கலாம். 15 பேர் ஏறினா ரெண்டு குழாயும் சரியாப் பாதி முங்கும். அதுதான் எல்லை. ஏன்னா வட்டக் குழாய் நீர்மட்டத்துல அதிக அகலமா இருக்கிறது பாதியில மட்டும்தான். அதுக்கு மேல முங்க முங்க அகலம் குறையும். ஒவ்வொரு கிலோவும் முன்னைவிட அதிகமா அமுக்கும்.

இப்ப 25 பேரை ஏத்துங்க. நிக்கிற வரைக்கும் மிதக்கும், பார்க்கப் பிரச்சினை எதுவும் தெரியாது. கரையில ஏதோ தெரியுதுன்னு எல்லாரும் ஒரு குழாய்க்கு நேர் மேல வந்து நின்னா? ஆட்கள் எடை 1,625 கிலோ, படகு எடையில பாதி 350 கிலோ, மொத்தம் 1,975. குழாய் தாங்குறது 1,700. மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

இது வெறும் பேப்பர் கணக்கு இல்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க. பயணிகள் ஒரு பக்கமா ஒதுங்கினதைத்தான் அப்போ முக்கியக் காரணமாச் சொன்னாங்க. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டுல 22 பேர். 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூர்ல 22 பேர். இந்த ரெண்டுலயும் அளவுக்கு மீறி ஆள் ஏத்தியிருந்தாங்க. இதெல்லாம் பாண்டூன் படகு இல்லைதான். ஆனா எடையும் சமநிலையும் எல்லாப் படகுக்கும் ஒண்ணுதான். வேகம் பத்தாம யாரும் சாகல.

இன்னொண்ணையும் கவனிங்க. ஸ்ட்ரேக் தர்ற தூக்குவிசை வேகத்தோட வர்றது. படகு நின்னா அது பூஜ்யம். எல்லாரும் எழுந்து ஒரு பக்கம் போறது பெரும்பாலும் படகு மெதுவாகும்போதோ நிக்கும்போதோதான். அந்த நேரத்துல ஸ்ட்ரேக் கைகொடுக்காது. குழாய் விட்டத்தை 60-லேருந்து 75 செ.மீ. ஆக்குங்க, மிதப்பு 56 சதவீதம் கூடும். அந்த 25 பேரும் ஒரு பக்கம் வந்தாலும் குழாய் முங்காது. மூணாவது குழாய் சேர்க்கலாம். பாதிக்கோட்டுல ஒரு சிவப்புப் பட்டை அடிக்கலாம், பெயிண்ட் செலவு மட்டும்தான். இந்த மாதிரி டைட்டில் ரிவ்யூவுல டல்லாத் தெரியும், அது எனக்கும் தெரியும்.

அப்போ ஸ்ட்ரேக்கே வேண்டாமா? வேணும், அதுக்கான இடத்துல. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்புல கொள்ளிடம் பக்கம் 9 மதகு அடிச்சுட்டுப் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி வெள்ளத்துல தண்ணி வினாடிக்கு 3 மீட்டர் வேகத்துல வந்தா, மணிக்கு 8 கிமீ போற படகு முன்னாடி போகாது, பின்னாடிதான் போகும். நாலைஞ்சு பேரோட, பெரிய மோட்டாரோட, ஓட்டத்தை எதிர்த்து ஏற வேண்டிய மீட்புப் படகுக்கு ஸ்ட்ரேக் பொருத்துங்க. அதை நான் கைதட்டி வரவேற்பேன்.

'கேட்டமரான்'ங்கற ஆங்கில வார்த்தை நம்ம கட்டுமரத்துலேருந்து போனதுன்னு எல்லா சிம்போசியத்துலயும் பெருமையாப் பேசுறோம். கட்டுமரம் கட்டினவங்க எந்த அலை, எத்தனை ஆள், எவ்வளவு மீன்னு பார்த்துட்டுத்தான் மரத்தைத் தேர்ந்தெடுத்தாங்க. நாம வார்த்தையை மட்டும் வச்சுக்கிட்டு அந்தப் பழக்கத்தை விட்டுட்டோமோன்னு தோணுது.

அதனால படகு ப்ராஜெக்ட் எடுக்கிற ஜூனியர்ஸுக்கு ஒரு வேண்டுகோள். முதல் ஸ்லைடுல நாலு எண் போடுங்க: நீளம், மொத்த எடை, வேகம், எல்லாரும் ஒரு பக்கம் வந்தா குழாய் எவ்வளவு முங்கும். ஸ்ட்ரேக்கைப் பத்தி அஞ்சாவது ஸ்லைடுல பேசலாம்.

எங்க டீம் அதைப் போடல. ரிவ்யூ-ஒன்ல வாங்கின மார்க்கை மட்டும் கேக்காதீங்க.